கரையைப் பிடிக்கும் வேர்

வாய்க்கால் ஓரத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசி மழை என்றாலே ஒரு கவலை. கரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகும். கல் அடுக்கச் செலவு செய்யுமுன் வெட்டிவேரை நினைத்துப் பாருங்கள். அதன் வேர் பக்கவாட்டில் அதிகம் பரவாது. நேர்கீழாக 2, 3 மீட்டர் வரைகூட இறங்கும். சரிவுக்குக் குறுக்கே, அரைச் சாணுக்கு ஒரு தூராக வரிசை பிடித்து நட்டால் வேலி போல அடைத்துக்கொள்ளும். ஓடிவரும் நீர் அங்கே வேகம் இழக்க, மண் தங்கிவிடும். ஆனால் வாசனை வேருக்கு ஆசைப்பட்டுக் கரையைத் தோண்டிவிடாதீர்கள்! அதற்குத் தனிப் பாத்தி போடுங்கள்.

எப்போதும் ஈரம் நிற்கும் அடிப்பகுதிக்குக் கோரை, ஆற்றோர மணலுக்கு நாணல். இடம் தாராளமாக இருந்தால் தாழை; மடலில் முள் உண்டு, நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள்.

மரம் என்றால் நீர்மருது. காவிரிக் கரைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் ஏரிக்கரையின் மேலேயே பெரிய மரம் கூடாது என்பேன். காற்றில் சாய்ந்தால் கரை மண்ணையும் பெயர்த்துக்கொண்டு விழும். பட்டுப்போனால், வேர் மக்கிய துளை வழியே நீர் கசியும்.

நெய்வேலிக் காட்டாமணக்கு சும்மாவே வளர்கிறதே என்பீர்கள். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த செடி. ஒடித்துப் போட்ட குச்சியும் வேர்விட்டு வாய்க்காலையே அடைத்துவிடும்.

வெட்டிவேர்த் தூரை மழைத் தொடக்கத்தில் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.