நரம்பு வழி உணவும் பிஞ்சுக் கல்லீரலும்

கூட்டேரிப்பட்டில் குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிட்டால், முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். குடல் வேலை செய்யாத பிஞ்சுகளுக்குச் சத்தெல்லாம் நரம்பு வழியே ஏறும். உயிர் காக்கும் முறைதான். ஆனால் வாரக்கணக்கில் நீண்டால் கல்லீரலில் பித்தம் தேங்கலாம். கண் மஞ்சளாகும், மலம் வெளுக்கும். ஏற்றப்படும் சோயா எண்ணெய்க் கொழுப்பும் அதற்கொரு காரணம். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் மீன் எண்ணெய்க் கொழுப்புக்கு மாற்றியபோது பல குழந்தைகள் தேறினார்கள். பித்தத் தேக்கம் வந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க 2018இல் அமெரிக்கா அனுமதித்தது.

வருமுன் காக்க, என்னைக் கேட்டால், தாய்ப்பாலுக்கு ஈடில்லை. டாக்டர் சொன்னதும் ஓரிரு மில்லி வயிற்றுக்குப் போகும் குழாயில் விட்டாலே போதும், குடல் விழித்துக்கொள்ளும், பித்தம் ஓடும். அம்மாக்களே, பாலைப் பீய்ச்சிக் கொடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தையைத் தொடாதீர்கள். கிருமித் தொற்றும் கல்லீரலைக் கெடுக்கும். மலம் வெளுத்திருந்தால் டாக்டர் வரட்டும் என்று காத்திராமல், உடனே நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.