கர்ப்பப்பை எடுத்த பிறகு

கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தாம்பத்தியம் அத்துடன் சரி என்ற பேச்சு பல வீடுகளில் உண்டு. உடம்பின் அமைப்பு அப்படிச் சொல்லவில்லை. பெண்ணின் இன்ப உணர்வுக்கு முதன்மையான கிளிட்டோரிஸ் வெளிப்புறத்தில் இருக்கிறது. இந்த அறுவை சிகிச்சை அதைத் தொடுவதே இல்லை. பிறப்புறுப்புப் பாதையும் இருக்கும். அதன் மேல்முனையைத்தான் மருத்துவர் தைத்து மூடுகிறார். உச்சநிலையில் கர்ப்பப்பை சுருங்குவதை உணர்ந்து பழகிய சிலருக்கு மட்டும் அந்த உணர்வு மாறித் தெரியலாம்.

நார்க்கட்டியாலும் ஓயாத உதிரப்போக்காலும் அவதிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் நிலைமை மேம்படவே செய்கிறது. மாதத்தில் பாதி நாள் இரத்தம், மீதி நாள் அடிவயிற்று வலி, படுக்கை எப்போது கறைபடுமோ என்ற பயம். இதற்கு நடுவே ஆசை எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் மேரிலாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அறுவைக்கு முன்பும் பின்பும் கவனித்த ஆய்வு 1999-இல் வெளியானது. உறவின்போது அடிக்கடி வலி இருந்தவர்கள் முன்பு நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். இரண்டு ஆண்டுகள் கழித்து 4 பேர்தான்.

சினைப்பைகளையும் சேர்த்து எடுப்பது வேறு விஷயம். நேயர்கள் இந்த இடத்தைக் கூர்ந்து கேட்பது நல்லது. மாதவிடாய் நிற்காத வயதில் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தால், இயல்பாக ஆண்டுக்கணக்கில் மெல்ல நடக்கும் மாற்றம் சில நாட்களிலேயே நடந்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் சரிகிறது, உடல் திடீர் திடீரென்று கொதிக்கிறது, தூக்கம் கெடுகிறது, பாதை உலர்ந்து எரிகிறது. ஆசைக்குத் துணைநிற்கும் டெஸ்டோஸ்டிரோனும் ஏறத்தாழ பாதியாகிறது. ஆனாலும் தன் சினைப்பை இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாத பெண்கள் நம்மிடையே ஏராளம். "எல்லாம் எடுத்தாச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. இது பெரும் அநியாயம். சினைப்பையை எடுப்பதென்றால் எதற்காக என்று அறுவைக்கு முன்பே கேட்பது பெண்ணின் உரிமை. முடிந்த பிறகானால் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

புற்றுநோய்க்காகச் செய்யும் பெரிய அறுவையில் பாதையின் நீளம் குறையலாம், நரம்புகளும் பாதிக்கப்படலாம். அதற்குத் தனி ஆலோசனை தேவை.

உள்ளே போட்ட தையல் ஆற ஆறு முதல் எட்டு வாரங்கள் ஆகும். மருத்துவர் பரிசோதித்துச் சொல்லும்வரை உறவு கூடாது. கணவர் பொறுத்திருக்கத்தான் வேண்டும். வறட்சிக்கு வழுவழுப்புத் தரும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஈஸ்ட்ரோஜன் களிம்பை மருத்துவர் சொன்னால் மட்டுமே போட வேண்டும், அதிலும் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே அவரிடம் சொல்லிவிட வேண்டும். உறவுக்குப் பின் இரத்தம் கசிந்தாலோ வலி நீடித்தாலோ கூச்சப்படாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.