வீட்டின் வெளிப்புறத்திற்கு ஏற்ற மரம் எது?

(வாலாஜாபாத் வட்டார உழவர்களிடையே உழவியல் விரிவுரையாளர் ஆற்றிய உரை)



நெல்லுக்கு உரமிடுவதையும் களையெடுப்பதையும் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியர், வீட்டு மரத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று உங்களில் சிலர் எண்ணலாம். வரப்பில் நிற்கும் தேக்கும், கிணற்று மேட்டில் நிற்கும் வேம்பும் நம் நிலத்தின் விளைபொருள்களே ஆகும். நெல்லை விற்கும்போது எடையும் ஈரப்பதமும் பார்க்கிறோம். ஆனால் பல ஆண்டுகள் வளர்ந்த மரத்தைக் கண்ணால் பார்த்தே விலை பேசி, விறகு விலைக்கு விட்டுவிடுகிறோம். பிறகு வீடு கட்டும்போது, எந்த நாட்டிலிருந்து வந்தது என்று தெரியாத பலகையைக் கன அடிக் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறோம். இரண்டு இடத்திலும் நட்டம் நமக்கே.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகிய பின், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையை ஒட்டிய ஊர்களில் மாடி வீடுகள் எழுந்து வருகின்றன. நிலை, கதவு, ஜன்னல் என்பதோடு நில்லாமல், முகப்புச் சுவரிலும் அழகுக்காகப் பலகை பதிக்கும் வழக்கம் வந்துவிட்டது. வெயிலும் மழையும் நேரே படும் இடத்திற்கு எந்த மரம் ஏற்றது, அதை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது என்பதே இன்றைய பேச்சு.

பழைய வீடு சொல்லும் பாடம்

உங்கள் ஊரின் பழைய ஓட்டு வீட்டைப் பாருங்கள். தலைமுறைகள் கடந்தும் அதன் வாசற்கதவு உறுதியாக நிற்கிறது. "அந்தக் காலத்து மரம்" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அது பாதி உண்மையே. மீதிப் பாதி, சுவரைத் தாண்டி நீண்டு நிற்கும் தாழ்வாரத்தில் இருக்கிறது. கதவுக்கு முன்னே திண்ணை, திண்ணைக்கு மேலே கூரை. மழை நீர் மரத்தைத் தொடுவதே அரிது.

இன்றைய கான்கிரீட் வீட்டின் முகப்புக்கு அந்தக் குடை இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் பலகை காய்ந்து சுருங்குகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நீரை உறிஞ்சி உப்புகிறது. இது ஆண்டுதோறும் நடக்கிறது. இதைத் தாங்காத மரம் வெடிக்கும், வளையும், பிறகு மட்கும்.

மரத்தை மட்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சாணம். மரத்தில் ஈரப்பதம் 20 சதத்திற்கு மேல் நீடித்தால்தான் அது வளர முடியும். ஆகவே நம் வேலை இரண்டு. பூஞ்சாணமும் கறையானும் எளிதில் உண்ண முடியாத மரத்தைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. அதில் நீர் தங்காமல் பார்த்துக்கொள்வது மற்றொன்று. ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பயனில்லை.

வைரமும் வெள்ளையும்

உள்ளே வைரம் உடையது மரம், வெளியே வைரம் உடையது புல் என்று தொல்காப்பியம் பிரித்துச் சொல்கிறது. தேக்கும் வேம்பும் முதல் வகை. பனையும் தென்னையும் இரண்டாம் வகை. மரம் வாங்கப் போகும் எவரும் நினைவில் கொள்ள வேண்டிய பாகுபாடு இது.

தேக்கை வெட்டிப் பார்த்தால் நடுவில் பொன்பழுப்பு நிறத்தில் வைரமும், அதைச் சுற்றி வெளிர் நிறத்தில் வெள்ளையும் தெரியும். மரம் உயிரோடு இருக்கும்போது வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவது வெள்ளைப் பகுதி. அதில் மாவுச்சத்து இருப்பதால் உளுப்பூச்சி அதை விரும்பித் தின்னும். உள் பகுதி நாளடைவில் வேலையை நிறுத்தி, பூச்சிக்கும் பூஞ்சாணத்திற்கும் ஒவ்வாத பொருள்களைச் சேர்த்துக்கொண்டு வைரமாகிறது. வைரத்திற்குத்தான் ஆயுள் உண்டு. எவ்வளவு உயர்ந்த சாதி மரமானாலும் அதன் வெள்ளைக்கு ஆயுள் இல்லை. "தேக்கு வாங்கினேன், அதுவும் உளுத்துவிட்டது" என்று சொல்பவர் பெரும்பாலும் தேக்கின் வெள்ளையை வாங்கியவரே.

டேராடூனில் 1906ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட வன ஆராய்ச்சி நிலையத்தில் மரங்களின் ஆயுளை ஓர் எளிய முறையில் சோதித்தார்கள். 60 செ.மீ. நீளமும் 5 செ.மீ. சதுரமும் உள்ள வைரக் கட்டைகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, எத்தனை மாதம் தாங்குகின்றன என்று கணக்கிட்டார்கள். 120 மாதமும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு. 60 முதல் 120 மாதம் வரை தாங்குபவை இரண்டாம் வகுப்பு. 60 மாதத்திற்குள் அழிபவை மூன்றாம் வகுப்பு. தேக்கு வைரம் முதல் வகுப்பில் இடம்பெற்றது. மாமரம் மூன்றாம் வகுப்பு. மண்ணைத் தொடாமல் சுவரில் இருக்கும் பலகை இதைவிட நெடுநாள் தாங்கும். ஆனால் வரிசை மாறாது.

இளம் மரத்தில் வைரம் எவ்வளவு இருக்கும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளையின் கனம் ஒன்றரை அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2 அடி சுற்றளவுள்ள மரத்தில் வைரம் ஏறத்தாழ 37 சதம்தான் தேறும். அதே வெள்ளையோடு 4 அடி சுற்றளவுள்ள மரத்தில் 65 சதம் தேறும். அவசரப்பட்டு இளந்தேக்கை வெட்டுபவர் பாதிக்கு மேல் வெள்ளையை வெட்டுகிறார்.

நம் நிலத்து மரங்கள்

தேக்கு: வெளிப்புறப் பலகைக்கு முதல் தேர்வு. சுருக்கமும் வளைவும் குறைவு. முற்றிய மரத்தின் வைரத்தை மட்டும் கொள்ளவும்.

வேம்பு: சிவந்த வைரத்தைப் பூச்சி எளிதில் அண்டாது. சரியாக உலர்த்தாவிட்டால் வளையும். நிலைக்கும், கூரை நிழல் உள்ள இடத்துப் பலகைக்கும் ஏற்றது.

பூவரசு: உறுதியான கருஞ்சிவப்பு வைரம். நீளமான பலகை கிடைப்பது அரிது. ஜன்னல் சட்டத்திற்கு நன்று.

வாகை: வைரம் பழுப்பு நிறம், பார்வைக்கு அழகு. ஆனால் வெள்ளை மிகுதி, விரைவில் உளுக்கும். வெள்ளையை முழுதும் கழித்தே பயன்படுத்த வேண்டும்.

கருவேல்: கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்திற்கும் புகழ் பெற்றது. கடினமும் எடையும் அதிகம். தூணுக்கு ஆகும். பலகையாக அறுத்தால் வெடிக்கக்கூடும்.

பனை: வைரம் வெளிப்புறத்தில் உள்ளது. நடுவில் உள்ள சோற்றுப் பகுதியை அறவே கழிக்க வேண்டும். முதிர்ந்த பனையின் வெளிச்சட்டம் தாழ்வாரத்திற்கு நிகரற்றது. ஆனால் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021ஆம் ஆண்டு தமிழக அரசு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆகவே அனுமதியின்றிப் பனைமேல் கோடரி வைக்க வேண்டாம். தேக்கு முதலிய மரங்களை வெட்டி ஏற்றிச் செல்லும் முன்பும் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து கொள்ளவும்.

மா, இலவம், தைலமரம், சவுக்கு ஆகியவை வெளிப்புறப் பலகைக்கு ஏற்றவை அல்ல.

கடையில் வாங்கும்போது

மரவாடியில் பெயர்கள் பல. "ஆப்பிரிக்கத் தேக்கு" என்று விற்கப்படுவது தேக்கு இனமே அல்லாத வேறு மரமாக இருக்கலாம். அது கெட்ட மரம் என்று பொருளல்ல. தேக்கின் விலையை அதற்குக் கொடுக்க வேண்டாம் என்பதே பொருள். மியான்மர் நாடு 2014 ஏப்ரல் 1 முதல் அறுக்காத உருட்டு மரத்தை ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே புதிதாக வந்த பர்மா உருட்டு என்று யாராவது சொன்னால், பில்லையும் இறக்குமதிச் சான்றையும் கேளுங்கள். ஈக்வடார், கானா முதலிய நாடுகளிலிருந்து வரும் தேக்கு, தோட்டங்களில் வளர்த்தது. அதிலும் வயதையும் வைரத்தையும் பார்த்தே வாங்க வேண்டும்.

வெளிநாடுகளில் வீட்டுச் சுவருக்குப் பெரிதும் விரும்பப்படும் இப்பே என்னும் தென் அமெரிக்க மரம் மிகக் கடினமானது. காடுகளில் அது அருகி வருவதால், 2024 நவம்பர் முதல் அதன் பன்னாட்டு வணிகத்திற்கு அனுமதிச் சீட்டு கட்டாயமாகியுள்ளது. நம் வரப்பில் தேக்கும் வேம்பும் இருக்க, அவ்வளவு தொலைவு போக நமக்குத் தேவையில்லை.

அளவையும் நீங்களே கணக்கிடுங்கள். 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள சுவர் 120 சதுர அடி. ஓர் அங்குலக் கனமுள்ள பலகையானால் 120ஐ 12ஆல் வகுக்க, 10 கன அடி. இதனோடு இழைப்புச் சேதமும் வெட்டுச் சேதமும் சேரும்.

விற்கும்போது வேறொரு கணக்கு. சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கம். 4 அடி சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள உருட்டு இம்முறையில் 10 கன அடி வரும். உண்மைக் கன அளவோ ஏறத்தாழ 12.7 கன அடி. எந்த முறையில் விலை பேசுகிறோம் என்பதைத் தெரிந்து பேசுங்கள்.

தொழிற்சாலைப் பெட்டி மரம்

இயந்திரங்கள் வந்த பெட்டிகளும் அடித்தட்டுகளும் இப்பகுதியில் மலிவாகக் கிடைக்கின்றன. மாட்டுக் கொட்டகைக்கும் வீட்டுச் சுவருக்கும் அவற்றைப் பிரித்து அடிக்கிறார்கள். அவற்றில் 'எச்.டி.' என்ற ஆங்கில எழுத்துக்களோடு கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். இது மருந்தேற்றிய மரம் என்று பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறு அன்று. ஒரு நாட்டுப் பூச்சி மறு நாட்டிற்குப் போகாதிருக்க, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் சூடேற்றியதற்கு அடையாளம் அது. அன்றிருந்த பூச்சி செத்தது, அவ்வளவே. நாளை வரும் கறையானை அது தடுக்காது. இம்மரம் பெரும்பாலும் பைன். உள்வேலைக்குப் பயன்படுத்துங்கள், வெளிச்சுவருக்கு வேண்டாம். எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கட்டைகளைத் தொழுவத்திற்கும் கொண்டு போக வேண்டாம்.

உலர்த்தும் முறை

மரத்தைத் தை மாதத்தில் அறுத்துவிட்டால் கோடை முழுதும் உலரக் கிடைக்கும். பலகைகளை நிழலில், தரையிலிருந்து ஓர் அடி உயர்த்தி அடுக்கவும். ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓர் அங்குலச் சட்டங்களை இரண்டு அடிக்கு ஒன்றாக வைக்கவும். மேலே கனமான கட்டையை ஏற்றவும். முனைகள் வழியே நீர் மிக வேகமாக வெளியேறுவதால் அங்கேதான் வெடிப்பு தொடங்கும். முனைகளில் மெழுகோ வண்ணமோ பூசவும்.

உலர்ந்ததை அறிய ஒரு சிறு துண்டை வெட்டி எடை போடுங்கள். பிறகு எடை குறையாத நிலை வரும்வரை அடுப்பு வெப்பத்தில், கருகாமல், உலர்த்தி மீண்டும் எடை போடுங்கள். 150 கிராம் இருந்தது 125 கிராம் ஆனால், குறைந்த 25 கிராமை உலர்ந்த எடையான 125ஆல் வகுக்க, ஈரம் 20 சதம். நெல்லுக்கு ஈர எடையில் கணக்கிடுகிறோம், மரத்துக்கு உலர்ந்த எடையில் கணக்கிட வேண்டும். 12 முதல் 15 சதத்திற்கு வந்த பின்னரே பலகையைச் சுவரில் பொருத்தலாம்.

பொருத்தும் முறை

1. பலகையைச் சுவரோடு ஒட்டி அடிக்கக் கூடாது. முக்கால் அங்குல ரீப்பர் அடித்து, அதன் மேல் பொருத்தினால் பின்புறம் காற்றோடும்.

2. அடி விளிம்பு தரைக்கு மேல் முக்கால் அடியாவது இருக்கட்டும். தெறிக்கும் மழை நீரும் கறையான் புற்றும் எட்டாது.

3. பலகைக்கும் பலகைக்கும் இடையே சிறிது இடைவெளி விடவும். கோடையில் நெருக்கி அடித்தது மழையில் உப்பி எழும்பும்.

4. துளையிட்ட பின் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை முடுக்கவும். சாதாரண இரும்பாணி மரத்தில் கறுப்புக் கறை விடும்.

5. அறுத்த முனை ஒவ்வொன்றிலும் எண்ணெயோ வண்ணமோ பூசிய பின்னரே பொருத்தவும்.

6. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு அடி அளவுக்கேனும் மேற்கூரை நீட்டுங்கள். மருந்துக்கும் எண்ணெய்க்கும் ஆகும் செலவில் அது பெரும் பகுதியை மிச்சப்படுத்தும்.

எண்ணெயும் மருந்தும்

வெயிலில் பலகை சாம்பல் நிறமாவது மட்கல் அல்ல, மேற்பரப்பு மட்டும் நிறம் மாறுவதாகும். நிறம் வேண்டுவோர் ஆளிவிதை எண்ணெயை ஆண்டுதோறும் மழைக்கு முன் பூசலாம். முந்திரிக்கொட்டை எண்ணெய் பழைய முறை, நல்ல காப்பு. ஆனால் தோலைப் புண்ணாக்கும், கையுறை அவசியம். போரிக் அமிலமும் வெண்காரமும் கலந்த மருந்து உள்மரத்திற்கு நல்லது. மழையில் கரைந்துவிடுவதால் வெளிமரத்திற்கு உதவாது. செம்பு, குரோமியம், ஆர்செனிக் சேர்ந்த மருந்தேற்றிய மரம் மழையைத் தாங்கும். அதன் வெட்டுத் துண்டுகளை அடுப்பில் எரிக்கக் கூடாது, தீவனத் தொட்டியும் செய்யக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் நஞ்சு இருக்கும்.

உழவர் பெருமக்களே! வீடு கட்டும் எண்ணம் உள்ளவர்கள் இந்த வாரமே நிலத்தைச் சுற்றி வந்து, ஒவ்வொரு மரத்தையும் நெஞ்சளவு உயரத்தில் நாடா வைத்து அளந்து எழுதி வையுங்கள். எதை வெட்டலாம், எதை இன்னும் பத்து ஆண்டு விட்டு வைக்கலாம் என்று அப்போது தெரியும். வெட்டிய இடத்தில் இரண்டு கன்று நடுங்கள். மரத்தின் பெயருக்கு விலை கொடுக்காமல், அதன் வைரத்திற்கு விலை கொடுங்கள்.