பாம்பு வாங்குமுன்

புற்றுக்குப் பால் வார்த்து நாகத்தை வணங்கும் மரபில் வந்தவர் நாம். இன்று பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலரோ பாம்பை வீட்டிலேயே வளர்க்க விரும்புகின்றனர். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்பு. நஞ்சற்றது, சாதுவானது, ஐந்தடிக்கு மேல் வளர்வது அரிது, அயல்நாட்டுப் பாம்புகளுள் விலையும் குறைந்தது.

விலை குறைவென்று மயங்கலாகாது. 2023 செப்டம்பரில் பெங்களூரு விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 55 பந்து மலைப்பாம்புகளும் 17 ராஜநாகங்களும் உயிருடன் இருந்தன; உடன் அடைபட்ட ஆறு குரங்குகள் மாண்டிருந்தன. கடத்தலின் கோரம் இத்தகையது.

நம் நாட்டுச் சாரையையும் நல்ல பாம்பையும் வளர்ப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. பந்து மலைப்பாம்பு வைத்திருப்போர் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்தல் வேண்டும். ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையன்று, பதிவுச் சான்றே.

பாம்பு வருமுன் கூண்டு ஆயத்தமாக வேண்டும். இறுக மூடும் கதவு, பதுங்க ஓரிடம், தண்ணீர்த் தொட்டி, ஒருபுறம் சுமார் 32 பாகை செல்சியஸ் வெப்பம் ஆகியன இன்றியமையாதன. பெங்களூரின் மார்கழிக் குளிரில் மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதையும் எண்ணுதல் நலம். உணவோ எலி, சைவ வீட்டார் இதனை முன்னரே சிந்திக்க வேண்டும்.

இப்பாம்பு முப்பது ஆண்டும் வாழக்கூடும். நம்மிற் பலர் ஊர்விட்டு ஊர் மாற்றலாகிச் செல்வோர். சலித்தபின் அதனை ஏரிக்கரையில் விடுதல் தகாது. யானையைக் கட்டித் தீனி போடுவது அரிது என்பர். பாம்பைக் காப்பதும் எளிதன்று. முப்பதாண்டுப் பொறுப்பை ஏற்க இயலுமாயின் வாங்குவோம்; இயலாதாயின், பன்னேர்கட்டாவில் பிள்ளைகளுடன் கண்டு மகிழ்வோம்.