கரண்டைக் குறைத்தால் காசு தருவார்களா?

(தோட்ட டிஸ்பென்சரிக் குழுவின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரிப் பிரிவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு, லயத்துக்குக்கூடப் போகாமல் கூடையோடு வந்து உட்கார்ந்திருக்கிற அக்காமாரைப் பார்க்கிறோம். ஆகவே நீட்டிப் பேசப் போவதில்லை.

போன கூட்டத்தில் ஒரு பெரியம்மா எழும்பி, "டிஸ்பென்சரி கரண்ட் பில்லைப் பத்தி நமக்கு என்னாத்துக்குப் பேச்சு? அது ஆபீஸ் கட்டுற காசுதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்றைக்கு நாம் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்லுகிறோம்.

2022 மார்ச் மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. நாட்டிலே எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் குறைவு. கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்டை வெட்டினார்கள். அந்த நாட்களில் ஒருநாள், மறுநாள் கிளினிக்குக்காக டவுனிலிருந்து கொண்டுவந்த தடுப்பூசி மருந்து நம் டிஸ்பென்சரிக் குளிர்பெட்டியில் இருந்தது. காலையில் திறந்து பார்த்தால் உள்ளேயும் வெளியேயும் ஒரே குளிர்தான். தடுப்பூசி 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். "இதை நம்பிப் பிள்ளைகளுக்குப் போட மாட்டேன்" என்று மிட்வைஃப் அம்மா சொல்லிவிட்டார். அவர் செய்தது சரி. ஆனால் கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு மேல் டிவிசனிலிருந்து நடந்து வந்த தாய்மார் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

அந்தக் குளிர்பெட்டியின் கதவு ரப்பர் வெடித்துப்போய் ஒரு வருசத்துக்கு மேலாகியிருந்தது. ஒரு துணியை வைத்துக் கட்டியிருந்தோம். புதுப் பெட்டி கேட்டபோது, கேட்ட இடத்தில் கிடைத்த பதில்: "இருக்கிற கரண்ட் பில்லே கட்ட முடியல்ல, இதிலே புதுப் பெட்டியா?" பாருங்கள் வேடிக்கையை. பில் ஏறியதற்கு ஒரு காரணமே அந்தப் பெட்டிதான். கதவு வழியாகக் குளிர் போய்க்கொண்டே இருந்ததால் மோட்டார் ஓய்வில்லாமல் ஓடியது. கரண்ட் போனதும் குளிர் நிற்காததற்கும் அதே ஓட்டைதான் காரணம். காசு போன வழியும் மருந்து கெட்ட வழியும் ஒன்றே. பெரியம்மா, பில் நமக்கு எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

இப்போது தலைப்புக்கு வருவோம். அமெரிக்காவில் பல மாநிலங்களில், ஓர் ஆஸ்பத்திரி கரண்ட் பாவனையைக் குறைத்தால் கரண்ட் விற்கிற கம்பனியே அதற்குக் காசு கொடுக்கிறது. பழைய பல்பை மாற்றினால் பல்புக்கு இவ்வளவு, வருசத்துக்கு மிச்சமாகிற யுனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. எங்கே வீணாகிறது என்று பார்க்கப் பொறியியலாளரை இலவசமாக அனுப்புகிற இடங்களும் உண்டு. கடைக்காரர் வந்து "அரிசி குறைவா வாங்குங்க, காசு தாறேன்" என்று சொன்ன மாதிரி இருக்கிறது இல்லையா? நாமும் முதலில் நம்பவில்லை.

ஆனால் நம் பெக்டரியை நினைத்துப் பாருங்கள். கொழுந்து பொங்குகிற காலத்தில் வாட்டுகிற மேல்மாடியில் இடமில்லாமல் சாக்கு சாக்காகக் குவிகிறது. அந்தச் சில வாரத்துக்காக இன்னொரு பெக்டரி கட்டுவார்களா? கட்டினால் மிச்ச மாதமெல்லாம் அது சும்மா கிடக்கும். கரண்டும் அப்படித்தான். நம் நாட்டில் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எல்லா வீட்டிலும் லைட், டீவி, அயன் எல்லாம் ஒன்றாக எரிகிறது. அந்த நாலு மணித்தியாலத்துக்காக விலை கூடிய எண்ணெயை எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் புது மின் நிலையம் கட்ட வேண்டும். அதைவிடப் பாவனையைக் குறைக்கிறவருக்குக் கொஞ்சம் கொடுப்பது மலிவு.

அப்படியென்றாலும் விற்பனை குறைந்தால் கம்பனிக்கு நட்டம்தானே என்று கேட்பீர்கள். 1982இல் கலிபோர்னியா மாநிலம் அதற்கு ஒரு வழி செய்தது. விற்பனை கூடினாலும் குறைந்தாலும் கம்பனிக்கு அனுமதித்த வருமானம் மாறாதபடி கட்டணத்தைத் திருத்துவது என்று ஒழுங்கு வந்தது. பிறகு சேமிக்கச் சொல்வதில் கம்பனிக்குப் பயமில்லை. ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அந்தக் காசு வானத்திலிருந்து விழுவதில்லை. எல்லாருடைய பில்லிலும் சிறு தொகை சேர்த்துத்தான் எடுக்கிறார்கள். ஏழையும் கட்டுகிறார். ஆகவே கேட்டு வாங்காதவர், கட்டிவிட்டுச் சும்மா இருப்பவர்.

இதற்கு ஆஸ்பத்திரி ஏன் தோதான இடம்? பள்ளிக்கூடத்து லைட் பகலில் சில மணித்தியாலம்தான். ஆஸ்பத்திரி நடையில் எரிகிற லைட் வருசம் முழுக்க 8,760 மணித்தியாலம் எரியும். மாற்றின செலவு சீக்கிரம் திரும்பி வரும். சத்திரசிகிச்சை அறையில் மணிக்கு 20 தரம் காற்று மாற வேண்டும் என்பது அங்கே விதி. ஆளில்லாத இரவில் அதைக் குறைத்து ஓட்டலாம். ஆனால் வெளிக்காற்று உள்ளே வராதபடி அழுத்தத்தைக் காக்க வேண்டும்.

நம் நாட்டில் இப்படி ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1990களின் நடுப்பகுதியில் மின்சார சபை சீ.எஃப்.எல். மின்குமிழைத் தவணைக்குக் கொடுத்து, வட்டியில்லாமல் மாதாந்த பில்லோடு அறவிட்டது. 1996இல் வரட்சியால் மின்வெட்டு வந்தபோது அதன் அருமை விளங்கியது. கூரையில் சோலார் போட்டு, மிஞ்சுகிற கரண்டைக் கம்பிக்கு அனுப்பிக் கணக்கில் கழிக்கிற முறை 2010 அளவில் வந்தது. 2016இல் அதை இன்னும் விரித்தார்கள். டவுன் ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய இடங்களுக்கு நேரத்துக்கு நேரம் விலை மாறுகிற மீட்டர் உண்டு. அங்கே துணி சலவையைப் பின்னிரவுக்கு மாற்றினாலே பில் இறங்கும். நம்முடையது சின்ன மீட்டர், அது நமக்குப் பொருந்தாது. அமெரிக்கா மாதிரிக் காசோலை வரும் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் மாட்டோம்.

நம் கையில் இருப்பது இது. பிரசவ அறை வாசலில் 60 வாட் பல்பு ஒன்று இரவில் 12 மணித்தியாலம் எரிகிறது. மாதம் ஏறக்குறைய 22 யுனிட். 9 வாட் எல்.ஈ.டீ. போட்டால் 3 யுனிட்டுக்குக் கொஞ்சம் மேல். அப்படி ஏழு பல்பு நம் டிஸ்பென்சரியில் இருக்கிறது. 2022 ஓகஸ்டில் சராசரி 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் கட்டணம் ஏறியதே, பிறகு கொஞ்சம் இறங்கியும் ஏறியும் வந்தாலும் பழைய விலைக்குப் போகவில்லை.

சரி, குறைத்தால் லாபம் யாருக்கு? இங்கேதான் சிக்கல். சுவிச்சைத் தொடுகிறவர் ஒருவர், பில் கட்டுகிறவர் இன்னொருவர். மிட்வைஃப் அம்மா பார்த்துப் பார்த்து லைட்டை அணைத்தால் மிச்சம் ஆபீஸ் கணக்கில் சேரும், டிஸ்பென்சரிக்கு ஒரு பஞ்சுத் துண்டுகூட வராது. பிறகு யாருக்கு மனம் வரும்? ஆகவே துரையிடம் நாம் கேட்கப் போவது இதுதான்: கடந்த 12 மாத பில்லை அடிப்படையாக வைப்போம். அதற்குக் கீழே குறைகிற ஒவ்வொரு யுனிட்டின் பெறுமதியிலும் பாதி தோட்டத்துக்கு, பாதி டிஸ்பென்சரிக்கு. நம் பாதியைச் சேர்த்து முதலில் கதவு ரப்பர், பிறகு உள்சுவரில் ஐஸ் வைத்த தடுப்பூசிக் குளிர்பெட்டி. அந்த வகைப் பெட்டிக்கு நாளுக்கு 8 மணித்தியாலம் கரண்ட் இருந்தாலே போதும். 2022 மாதிரி இன்னொரு காலம் வந்தாலும் மருந்து தப்பும்.

இதைக் கேட்ட ஒரு தம்பி, "அப்போ ராத்திரியில குளிர்பெட்டியை அணைச்சிட்டா இன்னும் மிச்சம்தானே?" என்றார். வேண்டாம் தம்பி! குளிர்பெட்டி, கருவிகளை அவிக்கிற அடுப்பு, பிரசவ அறை லைட், இந்த மூன்றிலும் யாரும் கை வைக்கக் கூடாது. அவிக்கிற நேரத்தை மட்டும் பகலுக்கு மாற்றலாமா என்று டிஸ்பென்சர் ஐயா பார்த்துச் சொல்வார்.

பில்லின் பிரதிகளைத் தருவதாகப் பெரிய கிளார்க் ஐயா ஒத்துக்கொண்டிருக்கிறார். ஆனால் எந்த நேரத்தில் எவ்வளவு போகிறது என்று பில்லில் தெரியாது. அதற்காக ஒரு கொப்பி வாங்கி டிஸ்பென்சரி மேசையில் வைத்திருக்கிறோம். அடுத்த இரண்டு வாரம் மாலை 6.30க்கும் இரவு 10.30க்கும் மீட்டரைப் பார்த்து எண்ணை எழுத ஆள் வேண்டும். மேல் டிவிசனில் இரண்டு பேர், கீழ் டிவிசனில் இரண்டு பேர். டோர்ச் லைட் நாம் தருகிறோம். பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள்.