நதிமூலம் காண்போம்

நதிமூலமும் ரிஷிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மிடையே வழங்கும் மூதுரை. ரிஷிமூலத்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. நதிமூலத்தை மட்டும் ஆராய்ந்தே தீரவேண்டும் என்று மாணவர்களாகிய உங்களிடம் வாதாட இன்று வந்திருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது, மணலிப் பகுதியிலிருந்து வெள்ளநீரோடு கலந்த எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. அந்நாட்களில் ஒரு காலை காசிமேட்டுத் துறைமுகத்திற்குச் சென்றிருந்தேன். கூடைகளில் மீன் இருந்தது, வாங்குவோர் குறைவு. மீன் விற்கும் அம்மையார் ஒருவர் சொன்னார்: “இந்த மீனை எங்கே பிடித்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள், ஐயா. அந்த எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று எங்களைத் தவிர யாரும் கேட்கக் காணோம்.”

எண்ணெயாவது கண்ணுக்குத் தெரியும், மூக்கிற்கும் தெரியும். நிறமும் மணமும் காட்டாமல் சேற்றில் பல்லாண்டு தங்கிவிடும் நச்சுப் பொருள்களும் உண்டு. பயிர்ப்பூச்சியையும் கொசுவையும் கொல்லப் பயன்பட்ட டி.டி.டி. அவற்றுள் ஒன்று. மின்மாற்றிகளின் எண்ணெயில் சேர்ந்திருந்த பி.சி.பி. மற்றொன்று. இவை நீரில் எளிதில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். ஆகவே சேற்றிலிருந்து புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் படிப்படியாகப் பெருகிச் செல்லும். 1966-இல் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் சோரன் ஜென்சன் உயிரினங்களில் டி.டி.டி.யைத் தேடும்போது, இனந்தெரியாத வேறு பொருள்கள் குறுக்கிடக் கண்டார். அவை பி.சி.பி. என்று தெளிந்தபோது உலகம் திடுக்கிட்டது.

இவற்றின் மூலத்தைக் காண்பது எவ்வாறு? கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் எண்ணூரில் கலக்கின்றன. ஆற்றோரத்தில் அனல்மின் நிலையங்கள், அப்பால் மணலியின் ஆலைகள், கடலோரத்தில் துறைமுகம், தெற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. போதாக்குறைக்கு, கடல் ஏறும்போது நீர் உள்நோக்கியும் வற்றும்போது வெளிநோக்கியும் ஓடுகிறது. எனவே ஓரிடத்தில் நஞ்சு கிடைத்தால் அது மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று உடனே சொல்ல இயலாது. ஒவ்வொரு கிளையிலும் படிப்படியாகச் சேறெடுத்து, எங்கே அளவு ஏறுகிறது என்று நோக்கவேண்டும். மணலில் நஞ்சு குறைவாகவும் நுண்சேற்றில் மிகுதியாகவும் ஒட்டும். இதை அறியாமல் அளந்தால், மணற்பாங்கான இடம் குற்றமற்றதாகவும் சேற்றுப்பாங்கான இடம் குற்றமுள்ளதாகவும் தோன்றிவிடும்.

அடுத்தது, கலவையின் விகிதம். இதனை நஞ்சின் கைரேகை எனலாம். டி.டி.டி. நாளடைவில் டி.டி.இ. என்னும் பொருளாக மாறுகிறது. டி.டி.இ. மிகுந்திருந்தால் பெரும்பாலும் அது பழைய கறை; டி.டி.டி.யே மிகுந்திருந்தால் அண்மையில் சேர்ந்தது என ஐயுறலாம். பி.சி.பி.யில் 209 வகைகள் உண்டு. இலேசானவை காற்றேறி நெடுந்தூரம் செல்லும். கனமானவை பிறந்த இடத்தருகே தங்கும். சென்னையின் காற்றையும் மண்ணையும் ஆராய்ந்தவர்கள், பழைய மின்சாதனங்களைப் பிரித்தெடுக்கும் இடங்களிலும், குப்பை எரியும் இடங்களிலும் பி.சி.பி. மிகுந்திருக்கக் கண்டுள்ளனர். பெரிய புகைபோக்கியை மட்டும் நோக்கியிருந்தால் இந்தச் சிறு தீக்கள் நம் கண்ணில் பட்டிரா.

மூன்றாவது சாட்சி உயிரினம். மீன் இடம்விட்டு இடம் செல்லும். பாறையை விட்டகலாத பச்சைச் சிப்பியோ, தான் வாழும் நீரின் வரலாற்றைத் தன் தசையில் சேர்த்து வைக்கிறது. இத்தகைய சிப்பிகளைக் காவலாளிகளாகக் கொள்ளலாம் என்று 1975-இல் எட்வர்டு கோல்ட்பர்க் முன்மொழிந்தார்.

ஆனால், கைரேகையும் காலத்தால் மங்கும். ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறலாகாது. சேறு, காற்று, சிப்பி என மூன்றும் ஒரே திசையைச் சுட்டும்போதுதான் துணிந்து பேசலாம். இந்தப் பொறுமைக்கும் காரணம் உண்டு. மூலம் தெரியாதவரை ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுவர். சுமை மட்டும் வலைவீசுவோர் தலையிலும், கழிமுகத்தில் கையால் இறால் பிடிக்கும் இருளர் தலையிலும் விழும். நீடித்த நச்சுப்பொருள்களை ஒழிக்க 2001-இல் ஸ்டாக்ஹோமில் உருவான உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. தாளில் ஏற்றதை நீரில் நிறைவேற்ற, எந்தக் குழாயை அடைப்பது, எந்தத் தீயை அணைப்பது என்று முதலில் தெரியவேண்டும்.

நீங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கற்கும் பிரித்தறியும் முறைகளே இப்பணிக்கு அடிப்படை. உங்களுள் ஒருவர் நாளை எண்ணூர்ச் சேற்றை ஒரு புட்டியில் எடுத்துச் சென்று உண்மையைக் கண்டுரைப்பாராயின், காசிமேட்டு அம்மையாரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.