கிளை யாருக்குச் சொந்தம்? மரம் என்ன பெறும்?



லண்டனில் மேஃபேர் என்று ஒரு பகுதி. வீட்டு வாடகையைக் கேட்டாலே தலை சுற்றும். அங்கே பெர்க்லி சதுக்கத்தில் 1789-இல் நட்ட பிளேன் மரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு 2008-இல் 7.5 லட்சம் பவுண்டு என்று மதிப்புப் போட்டார்கள். அந்த மரத்தை யாரும் விற்கப் போவதில்லை. அறுத்துப் பலகையாக்கினால் அந்தத் தொகையில் கால்வாசிகூடத் தேறாது. பிறகு எதற்காக இந்தக் கணக்கு?

இதற்குப் பதில் வேண்டுமென்றால், மரத்தோடு அன்றாடம் மல்லுக்கட்டும் ஆட்களிடம் போக வேண்டும். இங்கிலாந்தில் அவர்களுக்கு ஆர்போரிஸ்ட் என்று பெயர். கயிறு கட்டி மேலே ஏறிக் கிளை கழிப்பவர் ட்ரீ சர்ஜன். உள்ளூராட்சி மன்றமான கவுன்சிலில் இருந்துகொண்டு மரம் வெட்ட அனுமதி கொடுப்பவரும் மறுப்பவரும் ட்ரீ ஆபீசர். காப்பீட்டு நிறுவனத்துக்கும் வீடு கட்டுபவருக்கும் அறிக்கை எழுதித் தருபவர் ஆலோசகர். மூவரும் ஏறக்குறைய ஒரே பாடம் படித்தவர்கள்தான். ஆனாலும் ஒரே மரத்தடியில் மூவரையும் நிறுத்தினால் மூன்று அபிப்பிராயம் வரும்.

முதலில் சட்டம். அங்கே மரப் பாதுகாப்பு ஆணை என்று ஒன்று உண்டு. டி.பி.ஓ. என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்று நடைமுறையில் இருப்பது 1990-ஆம் ஆண்டின் நகர், ஊரமைப்புச் சட்டம். ஒரு மரம் போனால் அந்தத் தெருவுக்கு இழப்பு என்று கவுன்சில் கருதினால், அந்த மரத்தின் மீது ஆணை போடலாம். மரம் உங்கள் தோட்டத்தில் நிற்கலாம், உங்கள் தாத்தா நட்டதாக இருக்கலாம். ஆணை வந்துவிட்டால் கவுன்சிலின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, கிளை கழிக்கக் கூடாது, வேரைக்கூட அறுக்கக் கூடாது. மீறி மரத்தை அழித்தால் அபராதத்துக்கு உச்சவரம்பே கிடையாது.

லண்டனில் வீடு வாங்கும் நம்மவர்கள் பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது. அங்குள்ள ஹாரோ, டூட்டிங் பகுதிகளில் இந்தக் கேள்வியை அடிக்கடி கேட்கலாம். “அண்ணை, பக்கத்து வீட்டுக்காரற்ற மரம் எங்கட பக்கம் வந்து நிக்குது. கிளையை வெட்டினா ஏதும் பிரச்சினையோ?”

நல்ல கேள்வி. ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் பதிலும் தெளிவானது. உங்கள் எல்லைக்குள் நீண்டு வந்த கிளையை எல்லை வரைக்கும் நீங்கள் வெட்டலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லக்கூட வேண்டியதில்லை என்று நூறாண்டுக்கு முன்பே, லெமன் எதிர் வெப் என்ற வழக்கில், பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவர் நிலத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. வெட்டிய கிளையும் அதில் தொங்கும் ஆப்பிளும் மரத்துக்காரருடையவை. இத்தனையும் சாதாரண மரத்துக்கு. டி.பி.ஓ. இருக்கும் மரமானால், உங்கள் பக்கம் வந்த கிளையைத் தொடவும் அனுமதி வேண்டும். பழைமை காக்கும் பகுதி என்று கவுன்சில் அறிவித்த இடமாக இருந்தால், ஆணை இல்லாத மரத்துக்கும் 6 வாரம் முன்கூட்டியே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டரைத் தாண்டினாலே இந்த விதி வந்துவிடும்.

இலை விழுந்து கூரைத் தண்ணீர்க் குழாய் அடைக்கிறது, லைம் மரத்திலிருந்து பசை சொட்டிக் கார் பிசுபிசுக்கிறது, பறவை எச்சம் விழுகிறது, தோட்டத்தில் வெயில் இல்லை. ட்ரீ ஆபீசரிடம் வரும் மனுக்களில் இவைதான் அதிகம். பெரும்பாலும் மறுத்துவிடுவார். இவற்றோடு வாழப் பழக வேண்டும் என்பது அவர் கட்சி. தினமும் கார் கழுவுகிறவருக்கு அந்தப் பதில் கசக்கத்தான் செய்யும். அந்தக் கோபத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் கோபத்தில் ரம்பத்தை எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்கடற்கரையில் உள்ள பூல் நகரத்தில் ஒரு வழக்கு உண்டு. அங்கே ஒரு வீட்டுக்காரர், மாடி பால்கனிக்கு வெளிச்சம் வேண்டும் என்று, பாதுகாப்பு ஆணை உள்ள ஓக் மரத்தின் கிளைகளை வெட்டிவிட்டார். அபராதம் வெறும் 1,200 பவுண்டு. கவுன்சில் அதோடு விடவில்லை. குற்றத்தால் கிடைத்த ஆதாயத்தைப் பறிக்கும் சட்டத்தைக் கையில் எடுத்தது. வெயில் வந்ததால் அந்த வீட்டின் சந்தை விலை ஏறியிருக்கிறது, ஏறியது குற்றத்தால் வந்த வருமானம் என்று வாதாடியது. நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 21,000 பவுண்டுக்கும் மேல் கட்ட வேண்டி வந்தது, வழக்குச் செலவு தனி. வெளிச்சத்துக்குப் பணமதிப்பு உண்டு என்பதை 2019-இல் அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்படியானால் அதை மறைத்து நின்ற கிளைக்கும் உண்டு.

சரி, மரத்துக்கு எப்படித் தொகை போடுகிறார்கள்? 1967-இல் ராட்னி ஹெல்லிவெல் என்பவர் ஒரு முறையை வகுத்தார். மரத்தின் அளவு, இன்னும் எத்தனை காலம் நிற்கும், எந்த இடத்தில் நிற்கிறது, சுற்றி வேறு மரங்கள் உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பெருக்குவது. சண்டை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டு அம்சங்களில் ஒருவர் 2, 2 என்று போடுகிறார், இன்னொருவர் 3, 3 என்று போடுகிறார். இருவரும் நேர்மையானவர்கள். ஆனால் பெருக்கினால் ஒருவருக்கு 4, மற்றவருக்கு 9. மதிப்பு இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

அதனால் லண்டன் ட்ரீ ஆபீசர்கள் சங்கம் இன்று கேவாட் என்ற முறையைத்தான் தூக்கிப் பிடிக்கிறது. கிறிஸ் நீலன் உருவாக்கியது. இதில் அளவு நாடாவுக்கு வேலை உண்டு. தண்டின் சுற்றளவை எடுத்து, அதன் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணக்கிடுவார்கள். 30 செ.மீ. விட்டமுள்ள மரம் என்றால் சுமார் 707 சதுர செ.மீ. 60 செ.மீ. என்றால் 2,827. தண்டு இரு மடங்கு தடித்தால் பரப்பு நான்கு மடங்கு. முதிய மரங்கள் லட்சக்கணக்கில் போவதற்கு இதுதான் முதல் காரணம். நாற்றுப் பண்ணையிலிருந்து புதிய மரம் வாங்கி நட ஒரு சதுர செ.மீ.க்கு என்ன ஆகுமோ, அந்தத் தொகையால் பரப்பைப் பெருக்குகிறார்கள். அந்தப் பகுதியில் எவ்வளவு பேர் வசிக்கிறார்கள், மரத்தைப் பொதுமக்கள் பார்க்க முடிகிறதா, கிளைகள் நலமா, மிச்ச ஆயுள் எவ்வளவு என்று பார்த்து ஏற்றியும் இறக்கியும் முடிக்கிறார்கள்.

இந்த முறையையும் குறை சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2015-இல் லண்டன் முழுக்க ஒரு மதிப்பீடு நடந்தது. 84 லட்சம் மரங்கள். எல்லாவற்றையும் திரும்ப நட என்ன செலவாகும் என்று கணக்கிட்டால் சுமார் 610 கோடி பவுண்டு. கேவாட் முறையில் பார்த்தால் 4,330 கோடி. அதே மரங்கள், ஏழு மடங்கு வித்தியாசம். இதைக் கேட்டால் இந்தக் கணக்கே ஏமாற்று என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்று, போனதை ஈடுகட்ட என்ன ஆகும் என்று கேட்கிறது. மற்றது, இருப்பதால் அந்த மக்களுக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்கிறது. பிரிஸ்டல் நகரம் வேறு வழி வைத்திருக்கிறது. புதிய கட்டடத்துக்காக ஒரு மரம் போனால், அதன் தண்டின் தடிமனுக்கு ஏற்ப ஒன்று முதல் எட்டு மரம் வரை நட வேண்டும். 80 செ.மீ. தாண்டினால் எட்டு.

கேவாட் தொகை உண்மையான விலையா என்பதல்ல என் அக்கறை. அந்தத் தொகை யாரைத் தயங்க வைக்கிறது என்பதே அக்கறை. லண்டனின் களிமண்ணில் அது நன்றாகத் தெரியும்.

லண்டனுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் களிமண். வறண்ட கோடையில் ஓக், வில்லோ, பாப்லர் போன்ற மரங்கள் ஈரத்தை உறிஞ்சும். களிமண் சுருங்கும். ஆழமில்லாத பழைய அஸ்திவாரம் அதோடு இறங்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் ஜன்னல் மூலையிலிருந்து சுவரில் விரிசல் ஓடும். குளிர்கால மழைக்கு மண் உப்பி, அந்த விரிசல் ஓரளவு மூடிக்கொள்ளும். வீட்டுக்காரர் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிடுவார். முன்பெல்லாம் நிறுவனம் எளிதாகச் சொல்லிவிடும்: தெருவில் நிற்கும் மரத்தை எடுங்கள். மரத்தை எடுப்பது மலிவு, அஸ்திவாரத்தைப் பலப்படுத்துவது செலவு.

2008-இல் கவுன்சில்காரர்களும் காப்பீட்டுத் தரப்பும் உட்கார்ந்து ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். மரத்தின் கேவாட் தொகை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு வலுவான ஆதாரத்தை, மரத்தைக் குற்றம் சொல்பவர் கொண்டுவர வேண்டும். சின்ன மரமானால் குறைந்த ஆதாரம் போதும். பெரிய மரமானால் மாதக்கணக்கில் சுவரின் மட்டத்தை அளந்து, அது கோடையில் இறங்கிக் குளிர்காலத்தில் ஏறுகிறதா என்று காட்ட வேண்டும். அஸ்திவாரத்துக்கு அடியில் தோண்டி எடுத்த வேர் இந்த மரத்தினுடையதுதானா என்று ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டும். குற்றவாளி உண்மையில் உடைந்த கழிவுநீர்க் குழாயாகக்கூட இருக்கலாம். முதிய மரத்தை அவசரமாக எடுத்தாலும் ஆபத்து இருக்கிறது, காய்ந்த களிமண் மறுபடி ஈரம் குடித்து உப்பி, வீட்டை மேலே தள்ளிவிடும்.

7.5 லட்சம் என்ற கணக்கு எதற்கு என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். மரத்துக்கு வாய் இல்லை. சுவருக்குப் பில் இருக்கிறது, குழாய்க்குப் பில் இருக்கிறது, சாலைக்கு ஒப்பந்தம் இருக்கிறது. மரத்தின் பேரிலும் ஒரு தொகை மேஜைக்கு வந்தால்தான் எதிரில் இருப்பவர் நிரூபிக்க வேண்டியவர் ஆகிறார்.

அந்தத் தொகை மேஜைக்கு வராத இடத்தில் என்ன நடந்தது என்பதற்கு ஷெஃபீல்ட் சாட்சி. 2012-இல் அந்த நகரக் கவுன்சில் சாலைகளைப் புதுப்பிக்க ஒரு தனியார் நிறுவனத்தோடு 25 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. தெருவோர மரங்களில் ஏறத்தாழ பாதியை, 17,500 மரங்களை, மாற்றலாம் என்று அதில் இருந்தது. வேர் நடைபாதைக் கல்லைத் தூக்குகிறது என்பது போன்ற காரணங்கள். கல்லை மெலிதாக்கலாம், நடைபாதையை வேரைச் சுற்றி வளைத்துப் போடலாம் என்று மக்கள் சொன்னது எடுபடவில்லை. 2016 நவம்பரில் ரஸ்ட்லிங்ஸ் சாலையில் விடியுமுன் ஆட்கள் வந்து, உறங்கிக்கொண்டிருந்தவர்களை எழுப்பிக் கார்களை நகர்த்தச் சொல்லி, எட்டு மரங்களை வெட்டினார்கள். எழுபதுகளில் இருந்த இரண்டு பெண்மணிகள் கைதானார்கள். 2018-இல் வெட்டு நின்றபோது ஏறத்தாழ 5,600 மரங்கள் போயிருந்தன. 2023-இல் சர் மார்க் லோகாக்கின் விசாரணை அறிக்கை வந்தது, கவுன்சில் மன்னிப்புக் கேட்டது. தெரு மரத்தை வெட்டுமுன் மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்ற சட்டக் கடமையும் அந்த ஆண்டின் கடைசியில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது.

இனித் தொழிலுக்குள்ளேயே நடக்கும் சண்டைக்கு வருகிறேன். கிளையை எங்கே வெட்டுவது? முன்பு தண்டோடு ஒட்டி, வழவழவென்று வெட்டி, காயத்தில் தார் பூசுவார்கள். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்து உள்ளே பார்த்தார். மரத்தின் காயம் நம் தோல்போல ஆறுவதில்லை என்று கண்டார். அழுகல் பரவாமல் உள்ளேயே தடுப்புக் கட்டி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே மரம் புதிய திசுவை வளர்க்கிறது. கிளை புறப்படும் இடத்தில் சற்றுப் புடைத்த ஒரு வளையம் இருக்கும். தடுப்புக் கட்டும் வேலை அங்கேதான் நடக்கிறது. அந்த வளையத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தார் பயன் தருவதில்லை.

அடுத்தது பொந்து விழுந்த மரம். நைலான் தலை வைத்த சுத்தியலால் தண்டைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவார்கள். கெட்டியான இடத்தில் ‘டக்’ என்று வரும், உள்ளே காலியான இடத்தில் ‘தொம்’ என்று வரும். பிறகு ஊசி போன்ற மெல்லிய துளைப்பானைச் செலுத்தினால், எங்கே மரம் இறுகியிருக்கிறது, எங்கே அழுகியிருக்கிறது என்று வரைகோடு விழும். தண்டின் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு கெட்டியாக இருந்தால் போதும் என்று ஜெர்மனியின் கிளாஸ் மாத்தெக் சொன்னார். மரத்தின் உயரம், காற்று, கிளைப்பரப்பு இவற்றைப் பார்க்காமல் ஒரே அளவுகோல் எப்படிச் சரிவரும் என்று மற்றவர்கள் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். ஆனால் காலியான தண்டு என்பதாலேயே மரம் செத்துவிட்டதாக அர்த்தமில்லை என்பதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். மூங்கிலும் உள்ளே காலிதான்.

2025 ஏப்ரலில் லண்டனின் வடக்கே என்ஃபீல்டில், சுமார் 500 வயது என்று சொல்லப்பட்ட ஓர் ஓக் மரத்தை அடிமரம் மட்டும் நிற்கும்படி வெட்டிவிட்டார்கள். பக்கத்து உணவகத்தின் ஏற்பாடு. காய்ந்து பிளந்த மரம், ஆபத்து என்று தங்கள் மர ஆலோசகர் சொன்னதாக அவர்கள் விளக்கினார்கள். சில மாதம் முன்பு பார்த்தோம், மரம் நலமாக இருந்தது என்றது கவுன்சில். இரண்டு தரப்பிலும் மரம் தெரிந்தவர்கள். பாதுகாப்பு ஆணை அதன்மேல் இல்லை, வெட்டியபிறகுதான் போட்டார்கள். ஆணை முன்பே இருந்திருந்தால் அந்த இரண்டு அபிப்பிராயமும் ரம்பத்துக்கு முன்னால் மோதியிருக்கும்.

அங்கே வசிக்கும் நேயர்களுக்குச் சொல்கிறேன். வேலைக்கு ஆள் பிடிக்கும் முன் கவுன்சிலில் ஒரு போன் போட்டு, இந்த மரத்துக்கு ஆணை உண்டா என்று கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யலாம். மரம் உடனடி ஆபத்தாக இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் வெட்டலாம், படம் எடுத்து வைத்துக்கொண்டு கவுன்சிலுக்குச் சொல்லிவிடுங்கள். கதவைத் தட்டி மலிவு விலை சொல்லும் ஆளிடம், கிளையை எந்த இடத்தில் வெட்டுவாய் என்று கேளுங்கள். தண்டோடு ஒட்டி வெட்டி மருந்து பூசித் தருகிறேன் என்றால், வேறு ஆளைப் பாருங்கள்.